நாலாவது கட்டம்

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில் விதைக்கடை வைத்திருந்த வெங்கடேசன், தன் ஒரே மகள் அபிநயா எந்த விளையாட்டை விளையாட வேண்டும் என்பதை, விளையாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்து முடிவு செய்துகொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு வழிமுறை இருந்தது. புதிதாக ஒரு மக்காச்சோள ரகம் வந்தால், எத்தனை நாள் பயிர், ஏக்கருக்கு எத்தனை மூட்டை, எந்தப் பூச்சி தின்னும், விளைந்ததை யார் வாங்குவார்கள் என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அலமாரியில் ஏற்றுவார். பதினேழு வருடமாக அந்த நான்கு கேள்விகள் அவரைக் கைவிட்டதில்லை. மக்காச்சோளத்துக்குச் சரியாக இருப்பது மகளுக்குச் சரியாக இருக்காதா என்று அவர் நினைத்தார். ஒரு விதைக் கம்பெனியின் பழைய காலண்டரைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, டிவிக்கு மேலே ஒட்டினார். மேலிருந்து கீழாகக் கபடி, கைப்பந்து, சதுரங்கம், கோகோ, வாள்சண்டை என்று எழுதினார். இடமிருந்து வலமாக முப்பது வயதில் பயன், நாற்பது வயதில் பயன், முட்டி, வேலைவாய்ப்பு, போட்டி என்று எழுதினார்.

அவர் மனைவி மணிமொழி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கப் பழகிய கண் அவளுக்கு.

"ஏங்க, முட்டிக்கு மட்டும் இன்னா தனிக் கட்டம்? தோள்பட்ட இன்னா பாவம் பண்ணிச்சு?"

"எடம் இல்ல மணி. காலண்டர் சின்னது."

இத்தனைக்கும் காரணம் சேலத்தில் இருந்தார். மணிமொழியின் அக்கா புருஷன், அதாவது வெங்கடேசனின் சகலை, ஒரு சனிக்கிழமை போன் செய்து, தன் மகனைத் துப்பாக்கி சுடுதலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். பிள்ளை இன்னும் எதையும் சுடவில்லை. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு, அதற்கப்புறம் உத்தியோகம், அதற்கப்புறம் ஓய்வூதியம் என்று சகலை வரிசையாகச் சுட்டுத் தள்ளினார். "உன் பொண்ணு இன்னா வெளாடுது?" என்று கடைசியில் கேட்டார். "பாத்துக்கினு இருக்கேன்" என்றார் வெங்கடேசன். ஆறாம் வகுப்புப் படிக்கும் அபிநயா ஜூன் மாதத்திலிருந்தே பள்ளியில் கோகோ விளையாடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

அதே சனிக்கிழமைதான் பள்ளியிலிருந்து படிவமும் வந்திருந்தது. பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டிகள் வருகின்றன. அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு விளையாட்டுதான். எது என்று எழுதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 'விளையாட்டு' என்ற இடத்தில் அபிநயா தானே 'கோகோ' என்று எழுதியிருந்தாள். அப்பா அழிப்பதற்கு வசதியாகப் பென்சிலால் எழுதியிருந்தாள். அப்பா வேறு எதையாவது எழுதினால், திங்கட்கிழமையிலிருந்து அவள் கோகோ அணியில் இல்லை.

அவள் அடம் பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் மைதானத்திலிருந்து முழங்காலெல்லாம் செம்மண்ணோடு வந்து, "அப்பா, கையெழுத்து?" என்று மட்டும் கேட்பாள். "ஆராய்ச்சி நடந்துக்கினு இருக்கும்மா" என்பார் அவர். சரி என்று கைகால் கழுவப் போய்விடுவாள். அவள் சத்தம் போட்டிருந்தால் வெங்கடேசனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆராய்ச்சி ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. ஒரு ரகம் நல்லதா என்று தெரிய வேண்டுமானால், போன பருவத்தில் அதைப் போட்டவனைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே அந்தந்த விளையாட்டைச் சின்ன வயதில் விளையாடி, இப்போது நாற்பது தாண்டியவர்களைத் தேடிப் போனார்.

முதலில் சின்னசேலத்துச் சிவசங்கர். ஒரு காலத்தில் கபடியில் பெரிய ஆள். அந்த ஒதுக்கீட்டிலேயே ரயில்வேயில் வேலை கிடைத்தவர். வெங்கடேசன் போனபோது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வரவேற்றார், எழுந்திருக்கவில்லை.

"வேல கெடச்சிது, வூடு கட்டினேன். ஒண்ணும் கொற இல்லப்பா. இந்த முட்டிதான். மழ வர்றதுக்கு ஒரு நாள் முன்ன இங்க வலிக்கும். டிவியில சொல்றவனுக்குத் தப்பும், இதுக்குத் தப்பாது."

"அப்ப கபடி நல்லதுன்றீங்களா, கெட்டதுன்றீங்களா?"

சிவசங்கர் முட்டியைத் தடவிக்கொண்டே யோசித்தார். "நாளைக்கி மழ" என்றார்.

வெங்கடேசன் வேலைவாய்ப்புக்குப் பத்துக்குப் பத்தும் முட்டிக்குப் பூஜ்யமும் போட்டார். மறுநாள் மழை பெய்தது. 'வேறு பயன்' என்று ஒரு பத்தி சேர்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை திருநாவலூர் ராமசாமி. கைப்பந்து. வேலை எதுவும் கிடைக்காமல் விவசாயத்துக்கே திரும்பியவர். ஐம்பத்திரண்டு வயதில் இன்றும் தினம் சாயங்காலம் கோயில் பக்கத்துத் திடலில் ஆடுகிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயே போய்விட்டார். ராமசாமி ஆட்டத்தை நிறுத்தவில்லை. பந்து வெளியே போகும் நேரங்களில் மட்டும் பதில் சொன்னார்.

"இதனால வாழ்க்கையில இன்னா ஆச்சுங்க?"

"ஒண்ணும் ஆவல."

பந்து மறுபடி வெளியே போக ஆறு நிமிடம் ஆயிற்று.

"அப்ப ஏன் இன்னும் ஆடுறீங்க?"

"மணி அஞ்சாயிடுச்சில்ல" என்றார் ராமசாமி.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், வெங்கடேசன் காலண்டரில் கைப்பந்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார். சதுரங்கத்துக்கு ஆளைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. எதிர்க் கடை மருந்துக்கடைக்காரர் பள்ளியில் சதுரங்கம் ஆடியவர். "ஒரு மாத்திர குடுக்கறதுக்குள்ள நாலு மூவ் யோசிக்கறான்" என்று ஊரே அலுத்துக்கொள்ளும்.

கடைசியில் மதிப்பெண்ணில் முதலாவதாக வந்தது வாள்சண்டை. வாள்சண்டை ஆடிய யாரையும் அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் கண்ணுக்கெட்டியவரை யாரும் ஆடியிருக்கவில்லை. அதுவே அதன் சிறப்பு என்று அவருக்குப் பட்டது. ஊரே மரவள்ளி போடும் வருடத்தில் ஒருவன் மட்டும் உளுந்து போட்டால் உளுந்துக்கு நல்ல விலை. போட்டி என்ற பத்தியில் பத்துக்குப் பன்னிரண்டு போட்டார்.

"யாரு கூடங்க சண்ட போடுவா?" என்றாள் மணிமொழி.

"அதான் வெசயமே. எதிராளி இல்லன்னா இவதான் எப்பவும் மொத எடம்."

"கத்துக் குடுக்க?"

"வெளியூரு. ரெண்டு பஸ் மாறணும்."

மணிமொழி பேனாவை எடுத்து, காலண்டரில் வாள்சண்டைக்கு நேரே முட்டி என்ற கட்டத்தில் 'பஸ்ஸில் நின்று நின்று' என்று எழுதினாள்.

இதற்கிடையே அவர் பிழைப்பு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போடும் குஞ்சம்மாள் திங்கட்கிழமை ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எனக்கு நல்லா வருமா தம்பி?" என்று கேட்டாள். விதைக்கடைக்காரரை எல்லாரும் கேட்கும் கேள்விதான். வெங்கடேசனும் எல்லாரிடமும் சொல்லும் பதிலைச் சொன்னார்.

"பாக்கெட்டு மேல இன்னா போட்டிருக்கோ அதுக்குத்தான் நான் ஜவாப்பு. நூத்துக்குத் தொண்ணூறு மொளைக்கும். ஒம்போது மாசம் செல்லும். அதுக்கு மேல மழ, மாடு, படைப்புழு, எதுக்கும் நான் பொறுப்பில்ல."

கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அபிநயா, அப்பாவோடு சேர்ந்து சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். அவளுக்கு அது மனப்பாடம்.

புதன்கிழமை கரியாலூருக்குப் போகவேண்டிய வேலை இருந்தது. மலையில் சாமையும் மரவள்ளியும் போடும் மூக்கன் ஒரு மூட்டை நுண்ணூட்டம் கேட்டிருந்தார். வெங்கடேசன் அதை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வளைவு வளைவாக ஏறிப் போனார். மூக்கனின் மகள் நர்மதா டீ கொண்டுவந்து வைத்தாள். முப்பது வயதிருக்கும், அங்கன்வாடியில் வேலை. பேச்சுவாக்கில் அவள் பள்ளி நாளில் மாநில அளவில் கோகோ ஆடியவள் என்று மூக்கன் சொன்னார். வெங்கடேசன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மாநில அளவா. சர்டிபிகேட் இருக்கும்ல?"

"கரையான் தின்னுடுச்சிண்ணா."

எந்தப் பூச்சி தின்னும் என்ற கேள்விக்கு முதல் முறையாகத் தெளிவான பதில் கிடைத்தது. குறித்துக்கொண்டார்.

"இந்த வேல அதுல கெடச்சதுதானே?"

"இல்லண்ணா. பன்னெண்டாவது பாஸ் பண்ணதுக்குக் குடுத்தாங்க."

"முட்டி?"

"இருக்கு" என்றாள் நர்மதா.

"அப்ப கோகோவால பயன்னு இன்னாதாம்மா?"

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்த்து மூக்கன் உதவிக்கு வந்தார். "அவ வூட்டுல இருந்தா ஆடு ஒண்ணு தப்பிக்காதுங்க. எந்தப் பக்கம் ஓடும்னு ஆட்டுக்குத் தெரியறதுக்கு முன்ன இவளுக்குத் தெரிஞ்சிரும்."

ஆடு என்று எழுதிவிட்டு அடித்தார் வெங்கடேசன். தன் மகளுக்கும் கோகோதான் பிடித்திருக்கிறது, ஆனால் நீண்ட காலப் பயனைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று விளக்கினார். நர்மதாவின் முகம் மலர்ந்தது.

"ஆடுறாளா? எந்தக் கட்டத்துலண்ணா உக்கார்றா?"

"கட்டமா?"

"எட்டுப் பேரு உக்காருவாங்கல்ல. உங்க பொண்ணு எத்தனாவது? எந்தப் பக்கம் பாத்து உக்கார்றா?"

வெங்கடேசனுக்குத் தெரியவில்லை. நர்மதா சும்மா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை வெங்கடேசனுக்குப் பழக்கமானது. நிலம் செம்மண்ணா கரிசலா என்று தெரியாமல் விதை வாங்க வருகிறவனை அவரே கல்லாவிலிருந்து அப்படித்தான் பார்ப்பார். மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பார்வை அவர் கூடவே இறங்கியது.

வியாழக்கிழமை நாலரை மணிக்குக் கடையை வேலைக்கு இருக்கும் பையனிடம் விட்டுவிட்டுப் பள்ளி மைதானத்துக்குப் போனார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே சுண்ணாம்புக்கோடு. கோட்டில் எட்டுக் கட்டம், எட்டுப் பிள்ளைகள். ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்த்துக் குந்தியிருந்தார்கள். ஒன்பதாமவள் துரத்தினாள். எதிர் அணியில் ஓடியவர்களைத் தொட முடியாதபோது, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தட்டி "கோ" என்று கத்தினாள். தட்டு வாங்கியவள் எழுந்து துரத்த, தட்டியவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அபிநயா நாலாவது கட்டத்தில் கிழக்கே பார்த்து இருந்தாள். வெங்கடேசன் முதலில் அதை நோட்டில் எழுதினார். பிறகு போனில் கடிகாரத்தைத் தட்டினார்.

ஏழு நிமிட ஆட்டம் முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியர் கண்ணாயிரத்திடம் நேராகப் போனார்.

"சார், ஏழு நிமிசத்துல எம் பொண்ணு அஞ்சு நிமிசம் நாப்பது செகண்டு சும்மா உக்காந்துக்கினு இருந்தா. இது வெளையாட்டா, பஸ் ஸ்டாண்டா?"

கண்ணாயிரம் நிதானமான மனிதர். முப்பது வருடமாக விசிலை வாயில் வைத்திருந்ததால், கோபம் வந்தால் அதன் வழியாகவே போய்விடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

"ரெண்டு புள்ளைங்களுக்குக் காய்ச்சல் சார். மாத்து ஆளுங்கள வெச்சிச் சமாளிச்சிட்டேன். இப்ப அதுல ஒருத்திக்குக் காலு சுளுக்கு. அஞ்சாவது கட்டம் காலி. நீங்களும் சும்மாதானே நிக்கிறீங்க?"

இப்படித்தான் வெங்கடேசன், செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை இரண்டு மடிப்பு மடித்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளைகள் வரிசையில் ஐந்தாவதாகக் குந்தினார். மேற்கு பார்த்த கட்டம். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது.

பக்கத்துக் கட்டத்திலிருந்து அபிநயா சொன்னாள். "ரெண்டு கையும் தரையில வையுங்க. பின்னால திரும்பாதீங்க. கோன்னா உடனே எழுந்து உங்க பக்கமே ஓடணும். நடுக்கோட்ட தாண்டாதீங்கப்பா, ஃபவுலு."

வீட்டில் கையெழுத்துக் கேட்கும் குரல் இல்லை இது. இந்தக் குரலை அவர் முன்னே பின்னே கேட்டதில்லை.

விசில் அடித்தது. முதல் நிமிடம் முழுவதும் வெங்கடேசன் தன் முட்டியைப் பற்றித்தான் நினைத்தார். இரண்டாவது நிமிடம், ரிப்பன் கட்டிய ஒரு பொடிசு வெயிலுக்குள்ளிருந்து வந்து அவர் மூக்குக்கு முன்னால் வளைந்து போனது. அதற்கப்புறம் அவரால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அது எந்தப் பக்கம் சாயும், எங்கே திரும்பும் என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பார்க்க முடியாத கிழக்குப் பக்கத்தைக் காலடிச் சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டார். இப்போது தட்டுவார்கள், இதோ தட்டுவார்கள் என்று முதுகு முழுக்க விழித்துக்கொண்டு இருந்தது. வரிசையில் யாரும் சும்மா இல்லை. ஒன்பது பேரும் ஒரே பொடிசை வெவ்வேறு பக்கத்திலிருந்து துரத்திக்கொண்டிருந்தார்கள். அதில் எட்டுப் பேருக்கு எழுந்திருக்கத்தான் அனுமதி இல்லை.

"கோ" என்று பக்கத்தில் சத்தம் கேட்டது. அபிநயா எழுந்து ஓடினாள். வேறு ஒரு பிள்ளை நாலாவது கட்டத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியது. காலடிகள் பின்னால் தூரமாகப் போய்த் திரும்பி வந்தன.

"அப்பா, இப்ப உங்க பக்கம் தாண்டுவா. ரெடியா இருங்க."

ரிப்பன் பிள்ளை இன்னும் தாண்டவே இல்லை. தாண்டுவதற்கு அறிகுறியும் இல்லை. ஒரு நொடி கழித்துத் தாண்டியது. அதே நொடியில் முதுகில் ஒரு கை விழுந்தது.

"கோ."

வெங்கடேசன் எழுந்தார். எழுந்த வேகத்தில் ரிப்பன் பிள்ளை மறுபடி கிழக்கே வளைய, அவரும் வளைந்து, நடுக்கோட்டை இரண்டு காலாலும் தாண்டி, ஐந்தாறு எட்டு ஓடி, சுண்ணாம்பில் வழுக்கி உட்கார்ந்தார். விசில் நீளமாக அடித்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. ரிப்பன் பிள்ளை திரும்பி வந்து, "பரவால்ல அங்கிள், மொத நாளு அப்டிதான் ஆவும்" என்றது. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது அபிநயா பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். அஞ்சாவது கட்டம் கஷ்டம், வெயில் அடிக்கும், அதனால் நாலாவது கட்டத்தில் இருப்பவள்தான் அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

"அவ தாண்டுவான்னு உனக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"ரெண்டு வாட்டி அந்தப் பக்கம் பாத்தா."

"நான் பாக்கல."

"நீங்க அவ கால பாத்தீங்கப்பா."

வீடு வந்தது. இறங்கி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் கையெழுத்துக் கேட்கவில்லை என்பது வெங்கடேசனுக்குச் சாப்பிடும்போதுதான் உறைத்தது. மறந்திருக்கலாம். கேட்டுப் பயனில்லை என்று விட்டிருக்கலாம். இரண்டில் எது என்று யோசித்ததில் அவருக்கு மூன்றாவது தோசை இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, குந்தி எழுந்த வலியில், கடைப் படி மூன்றையும் பக்கவாட்டில் ஏறினார். படிவத்தைக் கல்லா மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பென்சில் எழுத்து லேசாக மங்கியிருந்தது. இருபது வருடம் கழித்து இவள் என்ன ஆவாள், சிவசங்கரைப் போல நாற்காலியா, ராமசாமியைப் போலத் திடலா, நர்மதாவைப் போல ஆடா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது குஞ்சம்மாள் இன்னொரு பாக்கெட் கேட்டு வந்தாள்.

"இதுவும் அதே ரகந்தானே? நல்லா வருமா?"

"பாக்கெட்டு மேல இன்னா போட்டிருக்கோ அதுக்குத்தான் நான் ஜவாப்பு. நூத்துக்குத் தொண்ணூறு மொளைக்கும். ஒம்போது மாசம் செல்லும். அதுக்கு மேல..."

"ஒம்போது மாசம் ஜாஸ்தி தம்பி" என்று பாக்கெட்டை மடியில் கட்டினாள் குஞ்சம்மாள். "நான் நாளைக்கே வெதச்சிருவேன்."

அவள் போனதும் வெங்கடேசன் படிவத்தைக் கிட்டே இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து 'கோகோ' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் பக்கத்தில் தேதியும் போட்டு, 'செல்லுபடி: ஒன்பது மாதம்' என்று சேர்த்தார்.

மத்தியானம் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அபிநயா அதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"ஒம்போது மாசம் ஆனா?"

"ஆனா மறுபடி மொளைக்குதான்னு பாப்போம். நீதான் சொல்லணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள். கண்ணாயிரம் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "இது இன்னா சார், பாலு பாக்கெட்டு மாதிரி?" என்றார். ஆனாலும் வாங்கி அடுக்கில் வைத்துக்கொண்டார். "சுளுக்கு இன்னும் சரியாவல சார். சாயங்காலம் வர்றீங்களா?"

"பாக்கறேன்" என்றார் வெங்கடேசன். அப்போதைக்கு நடப்பதே பெரிய காரியமாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சேலத்திலிருந்து போன் வந்தது. டிவிக்கு மேலே காலண்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கோகோவுக்கு நேரே எல்லாக் கட்டமும் காலி. முட்டிக் கட்டத்தில் மட்டும் மணிமொழி 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தாள்.

"இன்னா, முடிவு பண்ணியா?" என்றார் சகலை. "பொண்ணு எதுல இருக்கா?"

"நாலாவது கட்டத்துல."

"அதுல இன்னா கெடைக்கும்?"

வெங்கடேசன் வலிக்காத காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டார்.

"அது தெரியல. கெழக்கப் பாத்து உக்கார்றா."